கை பழகிய திரை

எண்ணூரில் 1948-இல் அசோக் மோட்டார்ஸாகத் தொடங்கி, பிறகு அசோக் லேலண்டாகப் பெயர் மாறிய ஆலையிலிருந்து நெடுங்காலம் லாரிகள் முழு லாரிகளாக வெளியே வரவில்லை. எஞ்சின், சக்கரம், ஸ்டியரிங், ஓட்டுநர் உட்கார ஒரு தற்காலிக இருக்கை, அவ்வளவுதான். முகத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு அந்த வெறும் சேசிஸை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டிப்போவார்கள். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கத்துப் பட்டறைகளில் அதற்குப் பாடி கட்டுவார்கள். இருக்கையின் உயரம், படுக்கப் பலகை, கண்ணாடிக்கு மேலே சாமி படத்துக்கு இடம் எல்லாமே வாங்கியவர் சொன்னபடி அமையும். லினக்ஸும் இப்படிப் பிரித்துச் செய்யப்பட்ட பொருள்தான். கெர்னல், டிரைவர்கள், கோப்பு முறை எல்லாம் சேசிஸ். கண்ணுக்குத் தெரிகிற பட்டை, மெனு, சன்னலை மூடும் பொத்தான் இருக்கும் மூலை, பிரிண்டரைத் தேடும் இடம் ஆகியவை சேர்ந்த டெஸ்க்டாப் அதன்மேல் தனியாக ஏற்றப்படுவது. ஒரே கணினியில் க்னோம், கேடிஇ பிளாஸ்மா, எக்ஸ்எஃப்சிஇ, மாத்தே, சின்னமன், எல்எக்ஸ்க்யூட்டி என்று எதையும் ஏற்றலாம். ஒன்றுக்கு மேற்பட்டதை ஏற்றி வைத்துக்கொண்டு, உள்ளே நுழையும்போது எது வேண்டும் என்று சொல்லவும் செய்யலாம். விண்டோஸில் அந்தப் பேச்சே இல்லை. கம்பெனி கட்டிய பாடியோடுதான் வண்டி.

இந்த வசதியைப் பற்றி இரண்டு விதமாகப் பேசுவார்கள். ஆர்வலர்கள் இதைக் கொண்டாட்டமாகப் பார்க்கிறார்கள்; புதிது புதிதாக ஏற்றி, படம் பிடித்து, நண்பர்களுக்குக் காட்டி மகிழ்கிறார்கள். அலுவலகம் நடத்துகிறவர்களோ இதை வேலை இல்லாதவர்களின் விளையாட்டு என்று ஒதுக்குகிறார்கள். எதிரெதிராகத் தெரிந்தாலும் இருவருக்கும் எண்ணம் ஒன்றுதான்: தேர்வு இருப்பது மாறிக்கொண்டே இருப்பதற்காக என்று நினைக்கிறார்கள். எனக்குத் தோன்றுவது வேறு. டெஸ்க்டாப்பைத் தேர்ந்தெடுக்கிற உரிமையால் அதிகம் பயன்பெறக்கூடியவர் மாற்றமே வேண்டாம் என்கிறவர்தான். அவர் கை பழகிய அமைப்பை, எங்கோ இருக்கும் ஒரு நிறுவனம் தன் வசதிக்காக ஒரு காலைப்பொழுதில் மாற்றிவிட முடியாமல் காப்பது இந்த உரிமை. வட சென்னையில் ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை நீளும் துறைமுகப் பட்டையைப் பார்த்தால் அப்படிப்பட்டவர்கள்தான் அதிகம்.

இந்தப் பகுதியில் கணினி யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். தம்பு செட்டித் தெருவிலும் லிங்கிச் செட்டித் தெருவிலும் மாடிப்படிக்கு மேல் இருக்கிற கிளியரிங் ஏஜென்ட் அலுவலகங்களில் ஷிப்பிங் பில்லும் பில் ஆஃப் என்ட்ரியும் நிரப்புகிற எழுத்தர்கள். மணலி, மாதவரம், திருவொற்றியூர் பக்கம் கன்டெய்னர் யார்டுகளில் வண்டி எண்ணையும் கன்டெய்னர் எண்ணையும் பதிகிறவர்கள். எடைமேடைக் கூண்டுக்குள் ஷிஃப்ட் மாற்றி உட்காருகிறவர்கள். மார்க்கெட் ரோட்டில் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டே ஆதாருக்கும் வருமானச் சான்றுக்கும் ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுத் தருகிறவர்கள். இவர்களில் பெரும்பாலோர் கணினியைப் பார்த்து வேலை செய்வதில்லை. திரையைப் பார்க்காமலே கை போகிற இடத்தை நம்பிச் செய்கிறார்கள். வெளியே லாரி நிற்கிறது, ஹாரன் அடிக்கிறது, துறைமுக வாயிலில் வரிசை நீள்கிறது. கீழே இடது மூலையில் இருந்த பொத்தான் நடுவுக்கு நகர்ந்தால் அது இவர்களுக்கு அழகின் கேள்வியாக இருக்காது, சில நாட்களுக்கு வேலை தடுமாறும். அந்தத் தடுமாற்றத்தின் செலவு கணினி வாங்கிக்கொடுத்தவர் கணக்கில் ஏறுவதும் இல்லை, மாற்றம் செய்த நிறுவனத்தின் கணக்கில் ஏறுவதும் இல்லை. மாலையில் அரை மணி நேரம் கூடுதலாக உட்காருகிறவர் கணக்கில் ஏறும்.

பழகிய அமைப்பைப் பறிப்பது எத்தனை முறை நடந்திருக்கிறது என்பதற்குச் சான்று தேடி அலைய வேண்டாம். 2012 அக்டோபரில் வந்த விண்டோஸ் 8, ஸ்டார்ட் பொத்தானையே எடுத்துவிட்டது. அடுத்த ஆண்டு 8.1-இல் பொத்தான் மட்டும் திரும்பியது. பழைய மாதிரி மெனு வர 2015-இல் விண்டோஸ் 10 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2021-இல் விண்டோஸ் 11 வந்தபோது கீழ்ப்பட்டையின் குறிகள் நடுவுக்குப் போயின. பட்டையையே பக்கவாட்டில் வைத்துப் பழகியவர்களுக்கு அந்த வசதி இல்லாமல் போனது. லினக்ஸ் உலகமும் இந்தப் பாவத்திலிருந்து தப்பியதில்லை, ஒருவேளை இன்னும் அதிகமாகவே செய்திருக்கிறது. 2008 ஜனவரியில் கேடிஇ 4 பாதி வெந்த நிலையில் வெளிவந்து பயனர்களைக் கோபப்படுத்தியது. 2011 ஏப்ரலில் க்னோம் 3 வந்தபோது மேலும் கீழுமாக இருந்த இரண்டு பட்டைகள், அப்ளிகேஷன் மெனு, சன்னலைச் சுருக்கும் பொத்தான் எல்லாம் ஒரே வீச்சில் போயின. அதே மாதம் உபுண்டு என்ற லினக்ஸ் பதிப்பு யூனிட்டி என்ற புதிய முகத்தைப் பொருத்திக்கொண்டது. ஆறு ஆண்டு கழித்து அதையும் கைவிட்டு 2017 அக்டோபரில் க்னோமுக்குத் திரும்பியது. கெர்னலை எழுதிய லினஸ் டொர்வால்ட்ஸே க்னோம் 3-ஐத் திட்டிவிட்டு எக்ஸ்எஃப்சிஇ-க்குப் போய், பிற்பாடு திரும்பிவந்தார். அவ்வளவு பெரிய ஆளுக்கே கை பழகாத திரை எரிச்சல் தருகிறது என்றால் எடைமேடைக்காரரைச் சொல்வானேன்.

வேறுபாடு அடுத்து நடந்ததில் இருக்கிறது. விண்டோஸ் 8 பிடிக்காதவருக்கு மைக்ரோசாஃப்ட் விட்ட வழி இரண்டுதான்: பொறுத்துக்கொள்வது, அல்லது பழைய விண்டோஸிலேயே, அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் நிற்கும் நாள்வரை, உட்கார்ந்திருப்பது. க்னோம் 3 பிடிக்காதவர்களுக்கோ அதே ஆண்டிலேயே வேறு கதவு திறந்தது. அர்ஜென்டினாவைச் சேர்ந்த ஒருவர் க்னோம் 2-இன் மூலநிரலை எடுத்து மாத்தே என்ற பெயரில் தொடர்ந்தார். இன்றும் அது அதே இரண்டு பட்டைகளோடு புதிய கணினிகளில் ஓடுகிறது. லினக்ஸ் மின்ட் குழு க்னோம் 3-இன் உள்ளுறுப்புகளின்மேல் பழைய முகத்தைப் பொருத்தி சின்னமனைச் செய்தது. கேடிஇ 3-ஐ விட மறுத்தவர்கள் டிரினிட்டி என்று அதை இன்னும் உயிரோடு வைத்திருக்கிறார்கள். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று: இந்த ஒவ்வொரு வழியிலும் கீழே இருக்கிற சேசிஸ் புதியது. கெர்னல் புதிது, பாதுகாப்புத் திருத்தங்கள் வருகின்றன, உலாவி புதிது. பாடி மட்டும் பழையது. பழமையைக் கேட்பதற்குத் தண்டனையாகப் பாதுகாப்பை இழக்க வேண்டியதில்லை.

ஒரே கணினியில் பல டெஸ்க்டாப்புகளை வைத்துத் தேர்ந்தெடுப்பது எப்படி முடிகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கணினி இயங்கத் தொடங்கியதும் பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்கும் திரை இருக்கிறதே, அது டெஸ்க்டாப்பைச் சேர்ந்தது அல்ல, தனி நிரல். ஜிடிஎம், எஸ்டிடிஎம், லைட்டிஎம் என்று அதிலும் வகைகள் உண்டு. கணினியில் குறிப்பிட்ட இரண்டு அடைவுகளில், ஏற்றப்பட்ட ஒவ்வொரு டெஸ்க்டாப்புக்கும் ஒரு சிறிய உரைக்கோப்பு இருக்கும். அதில் முக்கியமானவை இரண்டு வரிகள்: பெயர் ஒன்று, உள்ளே நுழைந்ததும் எந்த நிரலை ஓட்டவேண்டும் என்பது ஒன்று. நுழைவுத் திரை அந்தக் கோப்புகளைப் படித்துப் பட்டியலிடுகிறது. க்னோம் வகை நுழைவுத் திரையில் பெயரைத் தேர்ந்தெடுத்த பிறகு வலது கீழ் மூலையில் சிறு பற்சக்கரம் தோன்றும். அதற்குள் பட்டியல் ஒளிந்திருக்கும். பெயரைத் தொடுவதற்கு முன் அது தெரியாது என்பதால் ஆண்டுக்கணக்கில் அதைப் பார்க்காமலே இருப்பவர்கள் உண்டு. பிளாஸ்மாவோடு வருகிற நுழைவுத் திரையில் பட்டியல் இடது கீழ் மூலையில் இருக்கும். ஜிடிஎம், லைட்டிஎம் வகைகளில் ஒருமுறை தேர்ந்தெடுத்தால் அந்தப் பயனருக்கு அதுதான் என்று கணினி நினைவில் வைத்துக்கொள்ளும். மற்ற பயனர்களின் தேர்வு தொந்தரவுபடாது. நுழைவுத் திரையே வேண்டாம் என்கிறவர்கள் எழுத்துத் திரையில் நுழைந்து ஸ்டார்ட்எக்ஸ் என்ற கட்டளையால் கிளப்புவதும் உண்டு, அது இன்று பெரும்பாலும் பழைய கைகளின் பழக்கம்.

காலைக்கும் மாலைக்கும் ஆள் மாறுகிற இடத்தில், பயனருக்கு ஒரு தேர்வு என்கிற இந்த ஏற்பாட்டின் அருமை தெரியும். ஒரே பெட்டியில் காலை ஷிஃப்டுக்காரர் எக்ஸ்எஃப்சிஇ-யில் நுழைகிறார், மாலை ஷிஃப்டுக்காரர் பிளாஸ்மாவில் நுழைகிறார். இருவரும் பகிர்கிற கோப்புறை ஒன்றுதான், பிரிண்டர் ஒன்றுதான். இதைச் செய்வதற்கு ஒரு எச்சரிக்கை உண்டு. ஒரே பயனர் பெயரில் இரண்டு டெஸ்க்டாப்பையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தினால் ஒன்றின் அமைப்புகளை மற்றொன்று கலைக்கும். எழுத்துருவின் அளவு, நிறம், எந்தக் கோப்பு எதில் திறக்கும் என்பது எல்லாம் குழம்பும். மெனுவில் இரண்டு கோப்பு மேலாளர், இரண்டு உரைத்திருத்தி நிற்கும். ஆளுக்கு ஒரு பயனர் பெயர் வைப்பதே சுத்தமான வழி. சின்ன அலுவலகங்கள் சோம்பலில் செய்யாமல் விடுவது இதைத்தான்.

இனி தமிழ்நாட்டின் கதைக்கு வருகிறேன், ஏனென்றால் என் வாதத்துக்குப் பெரிய சோதனை இங்கேதான் நடந்தது. அரசு நிறுவனமான எல்காட், சி. உமாசங்கர் அதன் நிர்வாக இயக்குநராக இருந்த காலத்தில், தன் அலுவலகக் கணினிகளைச் சூசே லினக்ஸுக்கு மாற்றியது. பள்ளிகளுக்கு வாங்கிய கணினிகளிலும் லினக்ஸ் வந்தது. 2007 ஜனவரியில் சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் டெபியன் என்ற லினக்ஸ் பதிப்பை அடிப்படையாக வைத்து பாஸ் லினக்ஸை வெளியிட்டது. இந்திய மொழிகளுக்கென்றே செய்த இயங்குதளம் சென்னையில் பிறந்தது என்பதை இந்த ஊரிலேயே பலருக்குச் சொல்லித்தான் தெரிவிக்க வேண்டியிருக்கிறது. 2011 செப்டம்பர் 15-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்த்துத் தரப்பட்டது. 2014 ஏப்ரல் 8-உடன் விண்டோஸ் எக்ஸ்பிக்கு ஆதரவு முடிந்தபோது அரசுத் துறைகள் பாஸ் லினக்ஸுக்கு மாறும்படி தமிழக அரசு அறிவுறுத்தியது. ஆணைக்கும் வாய்ப்புக்கும் குறைவில்லை. ஆனாலும் வட சென்னையில் பள்ளி முடித்து வந்த மடிக்கணினிப் பிள்ளைகளில் எத்தனை பேர் பாஸில் ஒரு மாதமாவது வேலை செய்திருப்பார்கள்? முதல் வேலையாகக் கடையில் கொடுத்து விண்டோஸ் மட்டும் நிற்கும்படி செய்துகொண்டவர்கள் உண்டு.

ஏன் அப்படி ஆயிற்று என்று கேட்டால் லினக்ஸ் கடினம் என்று ஒரு வரியில் பதில் வரும். நான் ஏற்கவில்லை. லினக்ஸைத் தந்தவர்கள் ஒரு முகத்தோடு தந்தார்கள். அது மாற்றக்கூடிய முகம் என்பதைச் சொல்லித்தரவில்லை. பதினேழு வயதுப் பிள்ளைக்குப் பிரவுசிங் சென்டரில் பழகிய எக்ஸ்பியின் ஸ்டார்ட் மெனு தெரியும். அதே இடத்தில் அதேபோல் மெனு இருக்கும் டெஸ்க்டாப்பை அந்த மடிக்கணினியிலேயே இலவசமாக ஏற்றியிருக்கலாம் என்பது அந்தப் பிள்ளைக்கும் தெரியாது, ஆசிரியருக்கும் தெரியாது. பக்கத்து மாநிலத்தைப் பாருங்கள். கேரளத்தில் ஐடி அட் ஸ்கூல் திட்டமும் 2017-க்குப் பிறகு அதன் வாரிசான கைட் நிறுவனமும் பள்ளிகளில் லினக்ஸையே நிலைநிறுத்தின. அங்கே பாடப்புத்தகமும் ஆசிரியர் பயிற்சியும் செய்முறைத் தேர்வும் பிள்ளை பார்க்கிற அதே திரையைக் கொண்டு நடந்தன. எந்த டெஸ்க்டாப் என்ற தேர்வை அங்கே பிள்ளைகளிடம் விடவில்லைதான். ஆனால் தேர்ந்ததைக் கை பழகும்வரை கூட இருந்தார்கள். இங்கே தேர்வையும் சொல்லவில்லை, பழக்கவும் இல்லை.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. தேர்வு அதிகமானால் உதவி செய்வது கடினம் என்பார்கள். தொலைபேசியில் ஒருவர் பிரிண்ட் வரவில்லை என்கிறார். கீழே இடது பக்கம் போங்கள் என்று சொல்ல வேண்டுமானால் அவர் திரையில் கீழே என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். பத்துக் கணினிக்கு ஒரு டெக்னீசியன், அவரும் வாரம் ஒருமுறை வருகிறவர் என்கிற நிலைமையில் இது நியாயமான கவலை. ஆனால் இதிலிருந்து வருகிற முடிவு அலுவலகத்துக்குள் ஒரே டெஸ்க்டாப் இருக்கட்டும் என்பதுதான். உலகத்துக்கே ஒரு டெஸ்க்டாப் இருக்கட்டும் என்பதாகாது. அலுவலகம் தன் ஆட்களைக் கேட்டுத் தீர்மானித்து, அதைப் பத்து ஆண்டு மாற்றாமல் வைத்துக்கொள்ள முடிகிறதா என்பதே கேள்வி. அப்படி நிலைத்திருக்கும்போது டெக்னீசியனுக்கும் அந்தத் திரை மனப்பாடமாகிவிடும். உதவியைக் கடினமாக்குவது டெஸ்க்டாப்புகளின் எண்ணிக்கையை விட, கேட்காமல் வருகிற மாற்றந்தான்.

இரண்டாவது மறுப்பு இன்னும் நடைமுறையானது: எங்கள் வேலைக்கு வேண்டிய சாஃப்ட்வேர் லினக்ஸில் ஓடாது. இதற்கு முழுப் பதில் என்னிடம் இல்லை, இருப்பதாக நடிக்கவும் மாட்டேன். டாலி விண்டோஸுக்காக எழுதப்பட்டது. ஃபிளெக்ஸ் பேனர் கடைகளில் கோரல்டிராவும் பழைய போட்டோஷாப்பும், அச்சகங்களில் பேஜ்மேக்கரும் யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருக்களும் இன்னும் சோறு போடுகின்றன. ஜெராக்ஸ் கடைதோறும் இருக்கும் கேனன் எல்பிபி 2900 லினக்ஸில் ஓட மறுத்து அடம் பிடிக்கும் என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். சுங்கத்துறையின் ஐஸ்கேட் தளத்துக்கு உலாவி போதும், ஆனால் டிஜிட்டல் கையெழுத்துக்கான யுஎஸ்பி டோக்கனுக்கு அந்த டோக்கன் நிறுவனம் லினக்ஸ் டிரைவர் தருகிறதா என்று முதலில் பார்த்தாக வேண்டும். இவையெல்லாம் உண்மை, ஆனால் இவை சேசிஸைப் பற்றிய குறைகள், டெஸ்க்டாப்பைப் பற்றியவை அல்ல. இந்தக் கட்டுகள் உள்ள பெட்டியை விண்டோஸிலேயே விட்டுவிடுவது அறிவு. கட்டு இல்லாத பெட்டிகளும் அதே அறையில் இருக்கின்றன: உலாவியும் விரிதாளும் மின்னஞ்சலும் மட்டும் வேண்டிய கணினிகள். அரசு விண்ணப்பங்கள் உலாவிக்குள் வந்துவிட்ட பிறகு இவற்றின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகிறது. இவற்றில் கணிசமானவை ரிச்சி தெருவில் வாங்கிய பழைய கம்பெனிக் கணினிகள். இன்டெலின் எட்டாம் தலைமுறைக்கு முந்தியவையானால் மைக்ரோசாஃப்ட் கணக்கில் விண்டோஸ் 11-க்குத் தகுதி இல்லாதவை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. அதன்பின் தரப்படும் நீட்டிப்பு ஒரு தவணை மட்டுமே.

பழைய கணினி என்றதும் ஆளுக்கு ஆள் சொல்கிற அறிவுரை ஒன்று இருக்கிறது: இருப்பதிலேயே எடை குறைந்த டெஸ்க்டாப்பைப் போடுங்கள். எல்எக்ஸ்க்யூட்டியும் எக்ஸ்எஃப்சிஇ-யும் க்னோமைவிடக் குறைந்த நினைவகத்தில் ஓடும் என்பது சரி. ஆனால் அதில் மிச்சமாகிற சில நூறு எம்பியை உலாவியின் நான்கு தாவல்கள் தின்றுவிடும். 4 ஜிபி நினைவகம் உள்ள கணினியில் சுழலும் ஹார்டு டிஸ்கைக் கழற்றி ஒரு சிறிய எஸ்எஸ்டி போட்டால் கிடைக்கிற வேகத்தை எந்த டெஸ்க்டாப் மாற்றமும் தராது. 2 ஜிபி உள்ளதில்தான் எடை உண்மையில் பேசும். 32-பிட் மட்டுமே தெரிந்த கணினியாக இருந்தால் அந்தப் பேச்சும் முடியப்போகிறது: 2025 ஆகஸ்ட்டில் வந்த டெபியன் 13, அவற்றுக்கு நிறுவியைத் தருவதை நிறுத்திவிட்டது. எடையை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுப்பவர்கள் வேறு இரண்டு இடங்களில் மாட்டிக்கொள்கிறார்கள். ஒன்று தமிழ்த் தட்டச்சு. க்னோமில் ஐபஸ் என்ற உள்ளீட்டு நிரல் உள்ளேயே இணைந்திருப்பதால் தமிழ்99 விசைப்பலகையை அமைப்புகளில் சேர்த்த உடனே தட்டலாம். பிளாஸ்மாவில் எஃப்சிட்டிஎக்ஸ் என்ற வேறோர் உள்ளீட்டு நிரலை ஏற்றி அமைப்புகளில் ஓரிடத்தில் அதைக் காட்டிக்கொடுக்க வேண்டும். எடை குறைந்த டெஸ்க்டாப்புகளில் சில சூழல் மாறிகளைக் கையால் எழுதவேண்டி வரலாம். சான்றிதழ் விண்ணப்பத்தில் தமிழில் பெயர் அடிக்கிற கடைக்கு இது நினைவக அளவைவிடப் பெரிய கேள்வி. இன்னொன்று பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கான திரைபடிப்பான். ஆர்க்கா என்ற அந்த நிரல் க்னோமிலும் மாத்தேயிலும் நன்றாக வேலை செய்யும்; மற்றவற்றில் அந்த அளவுக்குச் சொல்ல முடியாது. டெபியன் திட்டம் 2013-இல் தன் இயல்பு டெஸ்க்டாப்பை எக்ஸ்எஃப்சிஇ ஆக்கிவிட்டு அடுத்த ஆண்டே க்னோமுக்குத் திரும்பியதற்குச் சொன்ன காரணங்களில் இந்த அணுகல் வசதியும் ஒன்று.

என் வாதத்துக்கு உண்மையான ஆபத்து வேறு பக்கத்திலிருந்து வருகிறது. லினக்ஸ் டெஸ்க்டாப்புகள் இத்தனை காலம் படம் வரைந்தது எக்ஸ் என்ற ஏற்பாட்டின் வழியாக. அது 1984-இல் எம்ஐடியில் பிறந்தது. 1987-இல் வந்த அதன் பதினோராம் பதிப்பே இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கிறது. இப்போது வேலாண்ட் என்ற புதிய ஏற்பாடு அதன் இடத்துக்கு வருகிறது. 2025 செப்டம்பரில் வந்த க்னோம் 49 பழைய எக்ஸ் வழியை இயல்பாகவே அணைத்துவிட்டது. அடுத்த மாதம் வந்த உபுண்டு 25.10-இல் அது நுழைவுப் பட்டியலிலேயே இல்லை. சிறிய குழுக்கள் பராமரிக்கிற டெஸ்க்டாப்புகள் இதில் பின்தங்கியிருக்கின்றன, எக்ஸ்எஃப்சிஇ-யின் 4.20 பதிப்பு 2024 டிசம்பரில் வேலாண்டுக்குச் சோதனை அளவில்தான் கால் வைத்தது. பட்டியலில் ஒரே டெஸ்க்டாப்பின் பெயர் எக்ஸ், வேலாண்ட் என்று இரண்டாக நிற்பதன் காரணமும் இதுவே. எதைத் தொட்டாலும் ஒன்றுதானே என்று நினைக்கக் கூடாது. டெக்னீசியன் தன் வீட்டிலிருந்தே எனிடெஸ்க் போட்டுத் திரையைப் பார்த்துச் சரிசெய்கிற வழக்கம் இங்கே பரவலாக இருக்கிறது. எனிடெஸ்க் வேலாண்டில் தடுமாறும் நிரல்களில் ஒன்று.

ஆக, மாறாமல் இருக்கிற உரிமையும் இலவசமாக வருவதல்ல. யாரோ ஒருவர் பழைய நிரலைப் புதிய சேசிஸுக்கேற்பத் தட்டி நிமிர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். மாத்தேக்கும் டிரினிட்டிக்கும் அப்படிப்பட்டவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான். அவர்கள் சோர்ந்தால் உரிமை காகிதத்தில் நிற்கும். அப்படியானால் விண்டோஸும் இதுவும் ஒன்றாகிவிடாதா என்று கேட்கலாம். ஆகாது என்பேன். விண்டோஸின் பழைய ஸ்டார்ட் மெனுவின் நிரலையே எடுத்துத் தொடர நினைக்கிற ஆளுக்கு மூலநிரல் கிடையாது, சட்டப்படி இடமும் கிடையாது. இங்கே ஆள் வந்தால் போதும். சென்னையில் பொறியியல் படிக்கிற பிள்ளைகள் செய்முறைத் திட்டத்துக்குத் தலைப்பு தேடி அலைகிறார்கள். வேலாண்டில் தமிழ்த் தட்டச்சைச் சீராக்குவதும் சிறு டெஸ்க்டாப் ஒன்றின் பிழைகளைத் திருத்துவதும் அவர்கள் எட்டக்கூடிய வேலைகள். பாஸ் லினக்ஸுக்கு ஆணை போட்ட அரசு அதன் ஒரு டெஸ்க்டாப்பையாவது நீண்ட காலம் மாற்றாமல் பராமரிக்க நாலு பேருக்குச் சம்பளம் ஒதுக்கியிருந்தால், ஆணையைவிட அது நெடுந்தூரம் போயிருக்கும் என்று நினைக்கிறேன்.

அதுவரை திருவொற்றியூரில் நான்கு கணினி வைத்திருக்கும் ஒரு கடைக்காரர் செய்யக்கூடியது எளிது. கணினியில் எதையும் அழிக்காமல் பென்டிரைவிலிருந்தே லினக்ஸைக் கிளப்பிப் பார்க்கலாம். உபுண்டு, டெபியன், மின்ட் எல்லாமே டெஸ்க்டாப் வாரியாகத் தனித்தனிப் பதிப்பு தருகின்றன. கூட்டம் குறைந்த பிற்பகலில், கடையில் உண்மையில் உட்காருகிற பெண்ணையோ பையனையோ அதன்முன் உட்கார வைக்க வேண்டும். முதலாளியோ டெக்னீசியனோ அல்ல. பார்க்க வேண்டிய வரிசை இது: தமிழில் ஒரு பெயர் அடிப்பது, பிரிண்ட் எடுப்பது, ஸ்கேன் செய்த படத்தைச் சுருக்கித் தளத்தில் ஏற்றுவது, டோக்கன் இருந்தால் அதைச் செருகிக் கையெழுத்திட்டுப் பார்ப்பது, வெளியிலிருந்து டெக்னீசியன் திரையைப் பார்க்க முடிகிறதா என்பது. அழகையும் எடையையும் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். எது தேறுகிறதோ அதை நிறுவி, ஆளுக்கொரு பயனர் பெயர் வைத்து, நுழைவுத் திரையில் அந்தப் பற்சக்கரம் எங்கே இருக்கிறது என்று ஒருமுறை காட்டிவிட வேண்டும். கூடவே இரண்டாவது டெஸ்க்டாப் ஒன்றும் ஏற்றப்பட்டிருந்தால் அதைப் பட்டியலிலிருந்து நீக்கிச் சுத்தம் செய்கிற ஆசை வரும். வட்டில் இடம் இருந்தால் விட்டுவைப்பதே நல்லது. இந்த வட்டாரத்தில் ஆட்கள் ஒரு கடையிலிருந்து இன்னொரு கடைக்கு மாறிக்கொண்டே இருக்கிறார்கள், அடுத்து வந்து உட்காருகிறவர் முந்தைய இடத்தில் எதில் பழகினாரோ தெரியாது.